கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாதாம்

கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். தெரியாதுதான். மண்வெட்டிக்கும் தெரியாது. அதைப் பிடித்திருப்பவன் யார், வரப்பில் குடைபிடித்து நிற்பவன் யார் என்று மண்வெட்டியா முடிவு செய்தது? இந்த வாக்கியத்தை முப்பது வருடத்துக்கும் மேலாகக் கேட்டு வருகிறேன். டிடிபி சென்டர் முதலாளி சொன்னார். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் சொன்னார். சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன ஊர்த்தெருப் பையன் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்தபோது சொன்னான். அண்மையில் ஒரு முற்போக்குத் தோழரும் சொன்னார், செயற்கை அறிவு வந்துவிட்டது, இனி சாதியெல்லாம் நிற்காது என்று. இவர்களில் ஒருவர்கூடச் சேரியிலிருந்து வந்தவரில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம். அவர்களுக்குப் பழசெல்லாம் பொன். ஏற்றம், மரச்செக்கு, மண்பானை, பனையோலை. எந்திரம் வந்துதான் கிராமம் கெட்டது என்பார்கள். காவிரிப் பாசனத்தின் பெருமையை, கல்லணையின் நுட்பத்தைப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். பேசட்டும். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லை அளந்த கருவியைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள். எங்க அப்பாயி சொல்லும்: "அளந்து வாங்குற மரக்கா வேற, அளந்து போடுற மரக்கா வேற. ரெண்டும் ஒரே மரம், ஒரே ஆசாரி செஞ்சது." களத்துமேட்டில் ஆண்டைக்கு நெல் அளக்க ஒரு மரக்கால், பண்ணையாளுக்குக் கூலி அளக்க அதைவிடச் சின்னதாக ஒன்று. எங்கள் பாரம்பரியத் தொழில்நுட்பத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அடுத்தது சவுக்கு. அதுவும் நுட்பமாகப் பின்னப்பட்டதுதான்.

அந்தக் காலத்துக் கிராமத்தில் கடிகாரம் கிடையாது என்று கவிதை மாதிரி சொல்வார்கள். கடிகாரம் இல்லாததால் யாருக்கு லாபம்? கருக்கலில் வயலில் இறங்கி, இருட்டி முகம் தெரியாமல் போனபிறகு கரையேறினார்கள் எங்கள் ஆட்கள். எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று எண்ணிச் சொல்ல எண் இல்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது, கூலி இவ்வளவு என்று 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் எழுத வேண்டி வந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்கும் பதினாறு வருடம் கழித்து, 1968 டிசம்பர் 25-ல், கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்றதும்தான் குற்றம். மெஷின் வருவதற்கு முந்தின பொற்காலம் என்று இவர்கள் சொல்வது இதைத்தான்.

அம்பேத்கர் இதை 1945-லேயே போட்டு உடைத்தார். காந்தியும் காங்கிரசும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு எழுதிய நூலில், எந்திரத்தை வெறுக்கும் காந்தியத்தை அவர் விட்டுவைக்கவில்லை. எந்திரமும் நவீன நாகரிகமும் இல்லாமல் மனிதன் மிருகப் பிழைப்பிலிருந்து மீள முடியாது, தவறு எந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலர் மட்டும் அள்ளிக்கொள்கிற சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. நடவுக்கு மெஷின் வந்ததும் அறுப்புக்குப் பெல்ட் வண்டி வந்ததும் எங்கள் பெண்களின் வேலையைப் பிடுங்கின, உண்மை. அதற்காகக் குனிந்து நட்ட இடுப்பு வலியைப் பண்பாடு என்று கொண்டாட நான் தயாரில்லை. மெஷின் வரட்டும். அது யார் பேரில் வாங்கப்படுகிறது, மானியம் யார் கணக்குக்குப் போகிறது, நிலமே இல்லாதவன் அதில் எங்கே நிற்கிறான் என்பதைப் பேசுவோம்.

நான் தரங்கம்பாடிக்காரன். எங்க ஊரை வெளியில் அறிந்தவர்களுக்கு டேனிஷ் கோட்டை தெரியும், சீகன்பால்கு தெரியும். 1706 ஜூலை 9-ல் அவர் இங்கே இறங்கினார். 1712-ல் லண்டன் சபைக்காரர்கள் அனுப்பிய அச்சு எந்திரம் வந்தது. கப்பலோடு வந்த அச்சாளர் வழியிலேயே செத்துப்போனார், எந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. 1713-ல் ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. எழுத்து ரொம்பப் பெருசு, இந்த அளவில் அடித்தால் இருக்கிற காகிதம் காணாது. அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் மூடியிலிருந்து ஈயம் எடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சேறியது. காகிதத்துக்குப் பொறையாற்றில் ஒரு பட்டறை போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பேர் நின்றுவிட்டது. (முதல் தமிழ் அச்சு இதுவல்ல. 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வந்துவிட்டது. எங்க ஊர்ப் பெருமையில் சிலர் இதை மறைப்பார்கள்.)

எழுத்துரு சரியில்லை, அளவு பொருந்தவில்லை, காகிதம் இல்லை, சர்வீஸ் செய்ய ஆள் இல்லை. 1990-களில் எங்கள் தலைமுறை கம்ப்யூட்டரோடு பட்ட பாட்டை ஏறக்குறைய இருநூற்றெண்பது வருடம் முன்னால் அதே ஊரில் பட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. அது கிடக்கட்டும். கேள்வி வேறு. எல்லாருக்கும் பொதுவான சத்தியத்தை எல்லார் கைக்கும் கொண்டுபோகும் கருவி என்றுதானே அந்த அச்சு வந்தது? எவ்வளவு தூரம் கொண்டுபோனது?

ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர், கத்தோலிக்கர், தஞ்சை அரசரின் படையில் இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சிட்ட சுவிசேஷப் புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. படித்தார். படித்துவிட்டு 1720-களின் கடைசியில் தரங்கம்பாடி மிஷனைத் தேடி வந்தார். அச்சுத் தொழில்நுட்பத்துக்கு இதைவிடச் சிறந்த வெற்றி என்ன வேண்டும்? ஒரு புத்தகம், ஒரு வாசகன், நடுவில் பூசாரியும் இல்லை, குருவும் இல்லை. உபதேசியாகித் தஞ்சைப் பக்கம் பல வருடம் உழைத்தார், அடிபட்டார். 1733-ல் முதல் இந்திய லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றவர் ஆரோன். வெள்ளாளர். பின்னாலும் ராஜநாயக்கன் பெயர் பரிசீலனைக்கு வந்தது, ஆனால் குருப்பட்டம் வரவில்லை. பறையர் கையால் நற்கருணை வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்பதுதான் காரணம். அச்சடித்த வேதம் அவர் கைக்கு வந்தது. அந்தக் கையால் ஒரு துண்டு அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க அனுமதி வரவில்லை. கோயிலில் ஒரே கூரையின்கீழ் தனித்தனி இடத்தில் உட்கார வைத்தார்கள். எந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நிலைமை மாறியது எப்போது? அச்சு எந்திரம் நம் பேச்சை அடிக்க ஆரம்பித்தபோது. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பேர் வைத்தே பத்திரிகை நடத்தினார். 1907 ஜூனில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். நம் விஷயத்தை நம் ஆள் எழுதி, நம் ஆள் அச்சுக்கோத்து, நம் ஆள் காலணாக் கொடுத்து வாங்கியபோதுதான் அந்த ஈய எழுத்து நம்முடைய எழுத்தானது. 1713-க்கும் 1893-க்கும் நடுவில் 180 வருடம். கருவி வந்து சேர்வதற்கும் நம் கைக்கு வருவதற்கும் நடுவே உள்ள தூரம் அது. கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்தத் தூரத்தை எத்தனை வருடமாகக் குறைக்கப்போகிறோம் என்பதுதான் என்னுடைய சண்டை.

நான் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்து, 1991-ல் மயிலாடுதுறையில் ஒரு டிடிபி சென்டரில் சேர்ந்தேன். ஒரு 286 மெஷின், 40 எம்பி ஹார்ட் டிஸ்க். இன்றைக்கு ஒரு போட்டோ பத்து எம்பி. அந்த அறைக்கு மட்டும் ஏசி, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும், கோயில் மாதிரி. கீபோர்டைத் தொட விட்டார்கள். அதைத் தொடாமல் அவர்கள் வேலை நடக்காது. மூலையில் இருந்த பானையில் தண்ணி மொண்டு குடிக்க விடவில்லை. "வெளியில பைப் இருக்குல்ல தம்பி, அங்க குடிச்சுக்க." கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்று முதலில் எனக்குச் சொன்னவர் அந்த முதலாளிதான். தெரியாததால்தானே அதன் பக்கத்தில் பானையை வைத்திருந்தார்.

அந்த மெஷினில்தான் ராத்திரி நேரத்தில் நம் சிறுபத்திரிகைகளுக்கு எழுத்துக் கோத்தோம். அது எப்படிப்பட்ட காலம் என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி ஊருக்கு ஊர் கூட்டம், துண்டறிக்கை, இதழ். லெட்டர்பிரஸ்ஸில் கம்போசிட்டர் கையில் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தால் "இது என்ன தமிழ்?" என்று முகத்தைச் சுளிப்பார், "வந்துச்சு" என்பதை "வந்தது" என்று தானாகவே மாற்றிவிடுவார். டிடிபியில் நாமே அடித்தோம், அடித்தது அப்படியே வந்தது. பட்டர் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்து, பிளேட் போட்டு, ஆப்செட்டில் ஐந்நூறு பிரதி. தலித் இலக்கியம் பேச்சுத்தமிழில் கூச்சமில்லாமல் அச்சேறியதில் பேஜ்மேக்கருக்கும் ஒரு பங்கு உண்டு. இலக்கிய வரலாறு எழுதுகிற பேராசிரியர்கள் யாரும் இதை எழுதவில்லை.

ஆனால் அந்த வேலையை எதன்மேல் செய்தோம் என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம். ஒருத்தன் 'அ' வைத்த இடத்தில் இன்னொருத்தன் 'ழு' வைத்திருப்பான். பிரிண்டர் போர்ட்டில் ஒரு பூட்டு சொருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். அந்தப் பூட்டு தொலைந்தால் நீங்கள் எழுதிய கட்டுரை உங்களுக்கே திறக்காது. எங்கள் எழுத்தை எங்களுக்கே வாடகைக்கு விட்டார்கள். பிறகு 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடித் தாம், தாப் என்று தரம் வகுத்தார்கள், தமிழ் 99 விசைப்பலகை வந்தது. அதையும் தாண்டி யூனிகோடு நின்றது. யூனிகோடில் தமிழுக்குக் கொடுத்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? க-வுக்கும் ங-வுக்கும் நடுவில் மூன்று காலி மனை கிடக்கும். தமிழில் இல்லாத எழுத்துகளுக்கு ஒதுக்கியது. தேவநாகரிக்குப் போட்ட வரைபடத்தில் தமிழைக் குடிவைத்தார்கள். ஊர்த்தெரு அளந்து முடித்த பிறகு சேரிக்குக் கோடு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. குறை இருக்கட்டும், யூனிகோடை நான் ஏற்கிறேன். அதற்குப் பூட்டு கிடையாது, யாருக்கும் வாடகை கட்ட வேண்டாம்.

2010-ல் இந்த யூனிகோடுக்குள் கிரந்த எழுத்துகள் வருவதா என்று பெரிய சண்டை நடந்தது. தமிழறிஞர்கள் கொதித்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் நான் போய் உட்கார்ந்த கூட்டம் எதிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை, பூட்டுப்போட்ட பழைய எழுத்துருக்களில் அடைபட்டுக் கிடக்கும் தலித் இதழ்களை யார் மீட்பது என்று. மொழிக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்து மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

அதே 2010-ல் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் கோவையில் செம்மொழி மாநாடு, கணித்தமிழுக்குத் தனி அரங்கு, யூனிகோடு அரசின் தரம் என்ற அறிவிப்பு, மேளதாளம். அடுத்த மாதமே சி. உமாசங்கர் என்ற ஐஏஎஸ் அதிகாரியைப் பணி இடைநீக்கம் செய்தார்கள். யார் அவர்? தலித். 1990-களின் நடுவில் மதுரையில் சுடுகாட்டுக் கூரை ஊழலை வெளியே கொண்டுவந்தவர். 1999 முதல் 2001 வரை திருவாரூர் மாவட்ட ஆட்சியராக இருந்து, நம் டெல்டா மண்ணில், தாலுகா அலுவலகக் கணக்குகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர். பின்னால் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, லைசென்சுக்குக் கோடிக்கணக்கில் கொட்டி அழாமல் லினக்ஸ் போடுங்கள் என்று அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் திறந்த மென்பொருளைக் கொண்டுபோனவர். தமிழ்நாட்டு அரசுக் கம்ப்யூட்டர் வரலாற்றில் இவ்வளவு செய்த அதிகாரிகள் அதிகம் இல்லை. அவர்மேல் சுமத்திய குற்றம் என்ன? பொய்ச் சாதிச் சான்றிதழ் கொடுத்து வேலைக்கு வந்தார் என்பது. கிறிஸ்தவராமே, பிறகு எப்படித் தாழ்த்தப்பட்டவர் என்று கேட்டார்கள். பணியில் சேர்ந்து இருபது வருடம் ஆகும்வரை தெரியாத சாதி, திடீரென்று எங்கிருந்து தெரிந்தது? எதிர்ப்புக் கிளம்பியது, அவர் ஆணையத்திடம் முறையிட்டார், ஆகஸ்டில் இடைநீக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள். பின்னாளில் அவர் செய்த மதப் பிரசங்கங்களில் எனக்கு உடன்பாடில்லை. அது வேறு வழக்கு. சர்வரையும் மென்பொருளையும் மாற்றத் தெரிந்த மனிதனை அடிக்க எடுத்த ஆயுதம் எது என்று மட்டும் பாருங்கள். ஒரு துண்டுக் காகிதம். சாதிச் சான்றிதழ்.

தரங்கம்பாடிக்காரனுக்கு இது நன்றாகவே புரியும். 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவன் இன்றுவரை வெளியில். ராஜநாயக்கனுக்குக் கோயிலில் பறையன் என்று அப்பம் மறுத்தார்கள், அவர் வழி வந்தவனுக்கு அலுவலகத்தில் நீ பறையனே இல்லை என்று சான்றிதழ் மறுக்கிறார்கள். வேலைக்காக இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே ஒரு புதுச்சேரி வழக்கில் சொல்லிவிட்டது. இந்தச் சான்றிதழெல்லாம் இப்போது இ-சேவை மையத்தில் ஆன்லைனில் வருகிறது. விண்ணப்பத்தில் மதம் என்று ஒரு கட்டம், அதை நிரப்பியதும் பதில் முடிவாகிவிடுகிறது. முன்பெல்லாம் தாசில்தார் முகத்தைப் பார்த்துச் சண்டையாவது போடலாம். "சிஸ்டம் எடுத்துக்கலங்க" என்கிற பெண்ணிடம் என்ன சண்டை போடுவது? அந்தப் பெண்ணும் நம் தெருப் பெண்தான், தினக்கூலி.

நிலக் கணக்குக்கு வருகிறேன். கர்ணம் வீட்டுப் பெட்டியில் பூட்டியிருந்த கணக்கு இன்று செல்போனில் தெரிகிறது. இதைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. என் தாத்தாவுக்குக் கர்ணம் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நிற்கத்தான் இடம். இப்போது கிராமத்தின் பேரையும் புல எண்ணையும் போட்டால் பட்டா வருகிறது. ஆனால் அந்தத் திண்ணையை முதலில் இடித்தது கம்ப்யூட்டர் இல்லை, பரம்பரை கிராம அதிகாரிப் பதவியை ஒழித்த 1980-ஆம் வருட உத்தரவு. அதோடு, மெஷினுக்குள் போட்ட கணக்கு யார் எழுதியது? யுடிஆர் என்று 1979-லிருந்து 1987 வரை நில உடைமைப் பதிவைப் புதுப்பித்தார்கள். அதில் அனுபோகத்தில் இருந்தவன் பேர் விடுபட்டு, கிஸ்தி கட்டியவன் பேர் ஏறிய கதை ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் பதிவேட்டைத்தான் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். காகிதத்தில் இருந்தபோது அது பிழை. திரையில் வந்ததும் அது ரெக்கார்டு. பஞ்சமி நிலத்தைக் கேட்டு நடக்கிறவர்களைக் கேளுங்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையை ஒட்டி 1892-ல் நம் பேரில் ஒதுக்கியது, பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. இப்போது அச்சாகி வரும் பட்டாவில் பேர் இருக்கிறது, புல எண் இருக்கிறது, பரப்பும் தீர்வையும் இருக்கிறது. நிபந்தனை எங்கே? அதைத் தேட மறுபடியும் பழைய காகிதத்துக்குத்தான் ஓட வேண்டும், அந்தக் காகிதம் இருக்கிற அலமாரிச் சாவி யாரிடம் என்று கேட்க வேண்டும். மிராசுதார் மனையில் தலைமுறையாகக் குடிசை போட்டிருந்தவர்களுக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971-லேயே வந்தது. அந்த மனைக்கு இன்னும் பட்டா கேட்டு மனு கொடுப்பவர்களை நான் அறிவேன். மனுவை இப்போது ஆன்லைனில் கொடுக்கிறார்கள்.

விரல்ரேகையைப் பற்றி ஒரு வார்த்தை. ரேஷன் கடையில் 2020-ல் விரல் வைக்கச் சொல்லி மெஷின் வந்தது. நூறுநாள் வேலைக்கு 2024 ஜனவரியிலிருந்து ஆதார் வழியாகத்தான் சம்பளம் என்றார்கள். ஐம்பது வருடம் நாற்றுப் பறித்து, களை எடுத்து, சேறும் சாம்பலும் தின்ற விரல் அந்தக் கண்ணாடியில் பதியவில்லை. எங்க தெருவில் ஒரு ஆயா நாலு விரலையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, "என்னா சாமி, கையில இருந்த கோடெல்லாம் வயல்லயே போயிடுச்சு போலருக்கே" என்றது. வரப்பில் நின்றவன் விரலை வைத்துப் பாருங்கள், ஒரே தடவையில் பதியும். மெஷினுக்கு நிச்சயம் சாதி தெரியாது. விரல் தெரியும்.

2023 ஆகஸ்டில் சந்திரயான் நிலவில் இறங்கியது. அதே அக்டோபரில், சாக்கடைக்குள் செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம் போதாது, முப்பது லட்சம் கொடு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 1993-லும் 2013-லும் தடைச் சட்டம் போட்ட நாடு இது. குழிக்குள் இறங்கும் ரோபோவைக் கேரளத்து இளைஞர்கள் 2018-லேயே செய்து காட்டினார்கள். தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. ஆள் மலிவு, அதுதான் விஷயம்.

அமெரிக்காவுக்குப் போனால் தீர்ந்துவிடும் என்றார்கள். 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசே சிஸ்கோ கம்பெனிமேல் வழக்குப் போட்டது, தலித் பொறியாளர் ஒருவரை உடன்வேலை பார்த்த ஆதிக்கச் சாதி இந்தியர்கள் ஒதுக்கினார்கள் என்று. கம்பெனி மறுத்தது. 2023-ல் அந்த மேலதிகாரிகள் இருவர்மேல் இருந்த வழக்கை அரசு திரும்பப் பெற்றுக் கம்பெனிமேல் மட்டும் நடத்தியது. அதே வருடம் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது, கலிபோர்னியா ஆளுநரோ அப்படி வந்த மசோதாவில் கையெழுத்துப் போட மறுத்தார். இணையத்தின் கம்பியையும் பெட்டியையும் செய்கிற கம்பெனிக்குள்ளேயே இந்தப் புகார். நம் ஊர்த்தெருப் பையன் லீவுக்கு வந்தால் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது செயற்கை அறிவு. தமிழ் பேசுகிறது, நன்றாகவே பேசுகிறது, நான் தினமும் பயன்படுத்துகிறேன். அப்பாயி சொன்னதை எழுதிக் கொடுத்துப் பிழை திருத்தித் தா என்றேன். "அளவிடும் மரக்கால் வேறுபட்டது" என்று தந்தது. ஆண்டை என்று இருந்ததை முதலாளி என்று மாற்றியிருந்தது. லெட்டர்பிரஸ் கம்போசிட்டர் மறுபிறவி எடுத்து வந்துவிட்டார். மெஷினைத் திட்டிப் பிரயோசனமில்லை. அதற்குக் கிடைத்த தமிழைப் படித்தது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் படிக்கக்கூடிய வடிவில் இணையத்தில் குவிந்து கிடப்பது யார் தமிழ்? செய்தித்தாள், ஜோதிடம், சினிமா, பக்தி, அரசாணை. ஆண்டை என்ற சொல்லின் கனம் தெரிந்த தமிழ் எங்கே இருக்கிறது? நம் பரணில் இருக்கிறது. தரங்கம்பாடியில் அச்சான வேதத்தின் தமிழை வீரமாமுனிவர் ஏளனம் செய்து எழுதினார், பண்டிதர் ஏற்காத கொச்சை என்று. அந்தத் தமிழைப் படித்துத்தான் ஒரு பறையர் படைவீரன் எழுந்து நடந்து வந்தான். எது நல்ல தமிழ் என்பதை இந்தத் தடவை மெஷினுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் யார்?

நாம் எவ்வளவு இழக்க முடியும் என்பதற்கு 'பறையன்' சாட்சி. அந்த இதழ்களைத் தேடிப் போனவர்கள் கைக்குக் கிடைத்தது மிகக் குறைவு. 'தமிழன்' தப்பியது, அதை யாரோ காப்பாற்றி வைத்திருந்தார்கள், 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பாகக் கொண்டுவந்தார், அதன்பிறகு தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டி வந்தது. அது ஈய எழுத்தும் காகிதமும். நூறு வருடம் தாங்கியது. நாம் 1990-களில் அடித்தது பிளாப்பியில் இருக்கிறது. அது முப்பது வருடம்கூடத் தாங்காது, அதிலும் கடலோர உப்புக்காற்றில். பிளாப்பி செய்வதைச் சோனி கம்பெனி 2011-லேயே நிறுத்திவிட்டது. ஜப்பான் அரசு அலுவலகங்கள்கூட 2024-ல் அதைக் கைவிட்டன.

ஆகவே இதழ் நடத்திய தோழர்கள், நடத்தியவர்களின் பிள்ளைகள், உடனே பரணில் ஏறுங்கள். மூன்றரை அங்குல பிளாப்பி இருந்தால், யுஎஸ்பியில் சொருகும் டிரைவ் இன்னும் விலைக்குக் கிடைக்கிறது. ஐந்தேகால் அங்குலம் என்றால் பழைய மதர்போர்டு வேண்டும், என்னிடம் ஒன்று ஓடுகிற நிலையில் இருக்கிறது. ஷட்டரை நகர்த்திப் பாருங்கள், உள்ளே தகட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. டிரைவில் போடாதீர்கள், போட்டால் தகடும் போகும், டிரைவின் தலையும் போகும். அதைத் துடைத்து எடுக்க வேறு வழி இருக்கிறது. லேபிளைக் கிழிக்காதீர்கள். எந்த டிடிபி சென்டரில், எந்த வருடம், எந்தச் சாஃப்ட்வேரில் அடித்தது என்று ஞாபகம் இருப்பதைத் தனித் தாளில் எழுதுங்கள். எழுத்துருவின் பேர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பேர் தெரியாவிட்டாலும் அச்சான இதழ் ஒரு பிரதி இருந்தால் போதும், பக்கத்தில் வைத்து எந்த எழுத்து எங்கே போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். பிளாப்பி செத்திருந்தால் அந்த அச்சுப் பிரதியையே ஸ்கேன் செய்து, பிள்ளைகளை உட்கார வைத்து, வந்துச்சு என்று இருந்தால் வந்துச்சு என்றே அடிக்கச் சொல்லுங்கள்.